நின்றுபோன புல்லட்டை ஓடவைத்தல்

சென்னை திருவொற்றியூரில் தயாரான, வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட புல்லட் 350 வீட்டிலேயே மீட்டெடுக்க மிகவும் ஏற்ற பழைய வண்டி. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-ல் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களும் இங்கேயே தயாராயின. 1970 வாக்கில் இங்கிலாந்து நிறுவனம் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் அதே 346 சி.சி. எஞ்சின், அதே 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. அதனால்தான் நாற்பது ஐம்பது வருடம் பழைய புல்லட்டுக்கும் இன்று பிஸ்டன் கிடைக்கிறது, வால்வு கிடைக்கிறது. எஞ்சின் தனி, கியர் பெட்டி தனி என்ற அமைப்பு என்பதால் ஒன்றைத் தொடாமல் மற்றொன்றைக் கழற்றவும் முடிகிறது.

இந்த வசதிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. எந்த வருடத்துப் பாகமும் எந்த வண்டியிலும் ஏறிவிடும் என்பதால், கொட்டகையில் கிடந்த புல்லட் பெரும்பாலும் பல காலத்துப் பாகங்களின் கலவையாகவே வந்து சேரும். மீட்பு வேலையில் முதல் கடமை அந்த வண்டி உண்மையில் என்ன என்று அறிவது. பளபளப்பாக்கும் வேலைக்கு அவசரமே இல்லை. முதலில் ஓட வேண்டும், பிறகு நிற்க வேண்டும், கடைசியில்தான் மினுங்க வேண்டும். இந்த அத்தியாயமும் அதே வரிசையில் செல்கிறது.

ஆர்.சி. புத்தகம்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆர்.சி.யை எடுக்க வேண்டும். சேஸிஸ் எண் ஃபிரேமின் கழுத்துப் பகுதியில், ஹேண்டில் பொருந்தும் இடத்துக்கு அருகே குத்தப்பட்டிருக்கும். எஞ்சின் எண் கிராங்க் கேஸில் இருக்கும். அங்கே படிந்த பெயின்டையும் அழுக்கையும் மண்ணெண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடைத்து எண்களைப் படிக்க வேண்டும். உப்புத்தாளோ கம்பி பிரஷ்ஷோ அங்கே படவே கூடாது. எண் மங்கினால் அது திருத்தப்பட்ட எண்ணோ என்ற ஐயம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழும், அதைத் தீர்ப்பது எஞ்சினைத் தீர்ப்பதைவிடக் கடினம்.

சொந்த வண்டிகளின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையோடு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டியானால் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைக் கடந்து, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கு 2021 விதித் திருத்தம் தனி வழி ஒன்றைத் திறந்திருக்கிறது. ‘வி.ஏ.’ எழுத்துகள் கொண்ட பதிவு எண், பத்தாண்டுச் செல்லுபடி, புதிய பதிவுக்கு 20,000 ரூபாய்க் கட்டணம் என்பவை அதன் சாரம். அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பராமரிப்புக்கும் எடுத்துச் செல்லலாம். அன்றாடப் பயணத்துக்கு அனுமதி கிடையாது. தினமும் ஓட்டும் எண்ணம் உள்ளவர் பழைய பதிவையே புதுப்பித்துக்கொள்வது நல்லது. ஆவணமே இல்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கத் தக்கதல்ல.

பிரிப்பதற்கு முன்

வண்டியைக் கழுவுவதற்கு முன்பே படம் எடுக்க வேண்டும். அழுக்குக்கும் செய்தி உண்டு. எந்த மூட்டில் ஆயில் ஒழுகி மண் படிந்திருக்கிறது, எந்தப் பக்கச் சங்கிலி உரசிய தடம் இருக்கிறது, எந்த ஒயர் நடுவில் ஒட்டுப்போடப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் கழுவிய பிறகு தெரியாது. கேபிள்கள் எந்த வழியாகப் போகின்றன, வாஷர்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்பதற்கும் படமே துணை. கழற்றிய பாகங்களைத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைக்க வேண்டும். பழைய பேக்கிங்கையும் முறிந்த போல்ட்டையும்கூட வேலை முடியும்வரை எறியக் கூடாது. கடையில் அளவு காட்ட அவைதான் உதவும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும், டெல்லியில் கரோல் பாக்கிலும் புல்லட் சாமான் தேடுவோர் கையில் பழைய பாகத்தோடு போவதே வழக்கம்.

கருவிகளில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய புல்லட்டில் பல போல்ட்டுகள் ஆங்கிலேய அங்குல அளவில் ஆனவை. மில்லிமீட்டர் ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்துவதுபோல் தோன்றி, அழுத்தியதும் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். அந்த அளவுக்கான ஸ்பேனர் செட் ஒன்றை முதலிலேயே வாங்கிவிடுவது பின்னால் நேரும் பல இழப்புகளைத் தடுக்கும். மரைகளும் அப்படியே: மில்லிமீட்டர் போல்ட்டை அங்குல மரையில் திணித்தால் அலுமினிய கிராங்க் கேஸின் மரை உரிந்துவிடும்.

இறுகிய எஞ்சின்

பல வருடம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து இறுகியிருப்பது இயல்பு. வார்ப்பிரும்பு சிலிண்டர் அலுமினியத்தைவிட விரைவில் துருப்பிடிக்கும். வால்வு திறந்த நிலையில் வண்டி நின்றிருந்தால் ஈரக்காற்று நேராக உள்ளே போயிருக்கும். கிக்கர் மேல் ஏறி நின்று உதைப்பதுதான் இங்கே பலர் செய்யும் தவறு. கிக்கர் பல்லும் ரிங்கும் அதில் உடைகின்றன. இறுக்கம் விடுபட்டாலும் சிலிண்டர் கீறிப்போகிறது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே துரு இளக்கும் எண்ணெயையோ, டீசலும் எஞ்சின் ஆயிலும் சரிபாதி கலந்த கலவையையோ ஊற்ற வேண்டும். பிஸ்டனின் தலை மூழ்கும் அளவு போதும். ஒரு வாரம் வரை விட்டு, குறைந்தால் மீண்டும் ஊற்ற வேண்டும். பிறகு நாலாவது கியரில் போட்டுப் பின் சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். ஒரு நூல் அளவு அசைந்தாலும் நம்பிக்கை உண்டு; அந்த அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து பெரிதாக்கிக்கொண்டே போகலாம். அசையவே இல்லையென்றால் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் மேல் மரக்கட்டை வைத்து ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டலாம். மரக்கட்டை போருக்குள் தாராளமாக நுழையும் அளவில் இருக்க வேண்டும்; இரும்பால் அடித்தால் பிஸ்டன் துளையும்.

எஞ்சின் சுற்றத் தொடங்கியதும் உடனே ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். அதை அடக்கி, ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றிப் பார்ப்பதே முறை. சிலிண்டர் சுவரில் நகத்தை மேலும் கீழும் ஓட்டும்போது அது தடுக்குமானால் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். அது லேத் பட்டறை வேலை. பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுத்த பிறகே அதன் அளவுக்குப் போர் போடச் சொல்ல வேண்டும். புது ரிங்கைச் சிலிண்டருக்குள் சமமாக இறக்கி அதன் இரு முனைக்கும் இடையே ஃபில்லர் கேஜ் நுழைத்தால் 0.3 மி.மீ. அளவில் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாவிட்டால் சூட்டில் ரிங் விரிந்து முனைகள் மோதி, இறுகிய எஞ்சின் மறுபடி இறுகும்.

கனெக்டிங் ராடை மேலே இழுத்து, கீழே அழுத்தினால் ‘டொக்’ என்று கையில் உணரக் கூடாது. பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருக்கலாம். மேலும் கீழும் ஆட்டம் இருந்தால் பிக் எண்ட் தேய்ந்திருக்கிறது என்று பொருள். கிராங்க்கைப் பிரித்து, புஷ்ஷோ பேரிங்கோ மாற்றி, நேர் பார்த்துச் சேர்ப்பது அனுபவமுள்ள பட்டறையில்தான் நடக்க வேண்டும். வீட்டில் செய்யும் வேலைக்கு இங்கே ஓர் எல்லை இருக்கிறது. அதை ஒப்புக்கொள்வதில் குறை ஏதுமில்லை.

வால்வுகளைச் சாணைப் பேஸ்டு வைத்து உட்காரவைப்பதும், பேக்கிங்குகளையும் ஆயில் சீல்களையும் மொத்தமாக மாற்றுவதும் வீட்டிலேயே ஆகும். டேப்பெட் வைப்பதில் புல்லட்டுக்குத் தனி வழக்கம் உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்க வேண்டும். சிலிண்டர் அடியில் வலப்பக்கம் உள்ள சிறு மூடியைத் திறந்தால் புஷ் ராட்கள் தெரியும். இரு விரலால் உருட்டினால் அவை தாராளமாகச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்து வாய்த்தால் டேப்பெட் சரி. ஃபில்லர் கேஜுக்கு இங்கே வேலை இல்லை.

ஆயில் போகும் வழி

மீட்டெடுத்த புல்லட்டுகள் சில நூறு கிலோமீட்டரில் மறுபடி படுப்பதற்கு ஆயில் வழியைக் கவனிக்காமல் விடுவது ஒரு முக்கியக் காரணம். இந்த எஞ்சினில் ஆயில் தொட்டி வெளியே இல்லை. கிராங்க் கேஸ் வார்ப்பின் உள்ளேயே தனி அறையாக இருக்கிறது. சுமார் இரண்டேகால் லிட்டர் பிடிக்கும். ஒரு பம்ப் அங்கிருந்து ஆயிலைக் கிராங்க்குக்கு அனுப்புகிறது, இன்னொன்று கீழே வடிந்ததை மேலே ஏற்றி ராக்கர்கள் வழியாகத் திருப்பிக் கொண்டுவருகிறது. இரண்டும் வலப்பக்க டைமிங் மூடியில் இருக்கின்றன. கிராங்க் முனையில் உள்ள திருகுப் பல் நட்டு அவற்றை ஓட்டுகிறது. அந்த நட்டுக்கு இடது மரை. வழக்கமான திசையில் பலம் கொடுத்துத் திருகினால் இன்னும் இறுகும், முறியவும் செய்யும்.

டைமிங் மூடியைத் திறந்தவுடன் பார்க்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு. மூடியிலிருந்து கிராங்க்கின் முனைக்குள் ஆயிலைச் செலுத்தும் மெல்லிய குழல் போன்ற சிறு பாகமும் அதைச் சூழ்ந்த சீலும்தான் அது. சுண்டுவிரல் நுனி அளவே இருக்கும். அது வளைந்தாலோ, சீல் பிய்ந்தாலோ, பூட்டும்போது மறந்துபோனாலோ பிக் எண்டுக்கு ஆயில் போகாது. பம்ப் நன்றாக வேலை செய்வதுபோலவே வெளியில் தோன்றும். பேரிங் மட்டும் உள்ளே வறண்டு கருகும். பழைய சீலை மறுபடி போடுவது எந்த விதத்திலும் சிக்கனமாகாது. பம்ப் டிஸ்க்குகளைக் கழற்றி, கீறல் இருந்தால் கண்ணாடிப் பலகை மேல் மெல்லிய பேஸ்டு வைத்துத் தேய்த்துச் சமப்படுத்தலாம். மூடியைப் பூட்டுவதற்கு முன் பம்ப் அறைகளில் ஆயில் நிரப்ப வேண்டும். வறண்ட பம்ப் உறிஞ்சத் தொடங்க நேரம் எடுக்கும்.

நீண்ட காலம் நின்ற வண்டியில் தொட்டி ஆயில் பம்ப் வழியே மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அதைத் தெரியாமல் உதைத்தால் கால் கனக்கும், ஸ்டார்ட் ஆனதும் தெரு நிறையப் புகை வரும், பிரீதர் குழாய் ஆயிலைக் கக்கும். ரிங் போய்விட்டது என்று பயந்து எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. அடியில் உள்ள டிரெயின் பிளக்குகளைக் கழற்றி எல்லாவற்றையும் வடித்து, ஃபில்டரை மாற்றி, புதிய 20டபிள்யூ-50 ஆயிலை நிரப்பினால் போதும்.

பெட்ரோலும் மின்சாரமும்

டேங்கின் உட்புறத் துருவுக்கு எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலமே வீட்டுக்கு ஏற்றது. பழைய பெட்ரோலை முழுதும் வடித்து, சோப்புத் தண்ணீரால் அலசி, வெந்நீரில் கரைத்த சிட்ரிக் அமிலத்தை விளிம்பு வரை நிரப்பி ஓரிரு நாள் விட வேண்டும். கெட்டியான துருவுக்குச் சிறு நட்டுகளை உள்ளே போட்டுக் குலுக்கலாம்; போட்ட எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வது அவசியம். பிறகு சோடா உப்புத் தண்ணீரால் அலசி, உடனடியாக உலர்த்தி, சிறிது ஆயில் ஊற்றிச் சுழற்ற வேண்டும். ஈரமாக விட்டால் ஒரே இரவில் மறுபடி துரு பூக்கும். டேங்கில் ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டிங் வைக்கவே கூடாது. வெறும் டேங்கிலும் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும், அது வெடிக்கும்.

கார்புரேட்டரில் ஜெட்டுகளைக் காற்றாலும் மண்ணெண்ணெயாலும் சுத்தம் செய்ய வேண்டும், கம்பியால் குத்தக் கூடாது. துளை இம்மி பெரிதானாலும் கலவை மாறும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர்க் குழாயும் வாஷரும் உப்பி இளகும். அவற்றை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிட வேண்டும்.

ஒயரிங்கில் பாதி பழையது, பாதி புதியது என்ற சமரசம் வேண்டாம். உறை வெடித்த ஒரு பழைய ஒயர் டேங்குக்கு அடியில் ஃபிரேமைத் தொட்டால் தீப்பிடிக்கும். முழு ஒயரிங் செட்டையும் மாற்றி, பேட்டரிக்கு அருகே ஃபியூஸ் ஒன்று வைக்க வேண்டும். வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, பேட்டரியின் எந்த முனை பாடியில் எர்த் ஆகிறது என்பதை உறுதிசெய்யாமல் எதையும் இணைக்கக் கூடாது. பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் இடைவெளி சுமார் 0.5 மி.மீ. பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் இருக்கும்போது பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். அந்தக் கணத்தைக் கண்டறிய ஹெட்லைட் மூடியில் உள்ள ஆம்ப்மீட்டரே போதும். சாவியைத் திருப்பி எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினால், பாயின்ட் மூடியிருக்கும்வரை முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாய்ந்திருக்கும். திறந்த மறுநொடி நடுவுக்குத் திரும்பும்.

கிளட்ச், கியர், பிரேக்

இடப்பக்கப் பிரைமரி மூடி ஒரே ஒரு நட்டில் நிற்கிறது. ஒழுகுகிறதே என்று அதை மேலும் மேலும் இறுக்கினால் மூடி நெளிந்து இன்னும் ஒழுகும். ரப்பர் பேக்கிங்கை மாற்றுவதே தீர்வு. ஒட்டிப்போன கிளட்ச் பிளேட்டுகளைப் பிரித்துத் துடைத்தால் பெரும்பாலும் போதும். கியர் பெட்டியில் உள்ள கறுத்த கிரீஸை எடுத்துவிட்டு, கனத்த ஆயில்போல் ஓடும் நீர்த்த கிரீஸ் போட வேண்டும். கெட்டி கிரீஸ் பல்லை விட்டு ஒதுங்கி மூலையில் தங்கிவிடும்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூசியை ஊதக் கூடாது, கம்ப்ரஸர் காற்றும் அடிக்கக் கூடாது. பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிய வேண்டும். டயரில் வரி எவ்வளவு இருந்தாலும் பக்கச்சுவரில் வெடிப்பு இருந்தால் மாற்ற வேண்டும். 19 அங்குல ரிம்முக்கு 3.25 அளவு டயர் பொருந்தும். ஸ்போக்கைத் தட்டிக் கேட்டால் இறுக்கமானது ‘டிங்’ என்றும் தளர்ந்தது மந்தமாகவும் ஒலிக்கும். கோட்டம் எடுப்பதைப் பழகிய கைக்கு விடுவது நல்லது.

பழைய புல்லட்டில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கும். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. இன்றைய வண்டிகளில் பழகியவர் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடுவார். தெருவுக்கு எடுத்துச் செல்வதற்கு முன் வெறும் மைதானத்தில் பழகிக்கொள்ள வேண்டும்.

முதல் உதை

பெயின்ட் அடிக்காத நிலையிலேயே வண்டியைப் பூட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, பல முறை கிக் செய்து ஆயிலைச் சுற்றவிட்ட பிறகே பிளக்கைப் போட வேண்டும். உதைப்பதற்கும் முறை உண்டு: கிக்கரை மெல்ல அழுத்தி, கம்ப்ரஷன் தடுக்கும் இடத்தில் நிறுத்தி, டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துச் சிறிதளவு தாண்டவிட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு நீளத்துக்கு ஒரே உதை. டைமிங் முந்தியிருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும்; கணுக்காலை மறைக்கும் கனத்த ஷூ அவசியம்.

ஸ்டார்ட் ஆனதும் சத்தத்தை ரசிப்பதற்கு முன், ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டைச் சற்றே தளர்த்திப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் ஆயில் கசிய வேண்டும். கசியாவிட்டால் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். முதல் 500 கி.மீ. வரை மணிக்கு 50 கி.மீ.யைத் தாண்டாமல் ஓட்டி, எஞ்சின் ஆறியபின் ஹெட் நட்டுகளை மறுபடி ஒரு சுற்று இறுக்கி, டேப்பெட் பார்த்து, ஆயிலை மாற்ற வேண்டும்.

நிறம்

இப்போதுதான் பெயின்ட். முதலில் அதைத் தொடவே வேண்டுமா என்று யோசிக்க வேண்டும். புல்லட் டேங்கின் தங்கநிறக் கோடுகள் திருவொற்றியூர் ஆலையில் தூரிகையால், கையால் வரையப்பட்டவை. கோட்டின் தொடக்கத்தில் சற்றே தடித்து, வளைவில் மெலிந்து செல்லும் அந்தக் கை இழுப்பை ஸ்டிக்கர் தராது. மங்கியிருந்தாலும் அந்தப் பெயின்ட் பாதிக்கு மேல் பிழைத்திருந்தால், சோப்புத் தண்ணீரும் மெல்லிய பாலிஷும் மெழுகும் போதும் என்பதே இந்நூலின் கருத்து. பழைய பெயின்டைச் சுரண்டிவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. புதுப் பெயின்டை எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம்.

காப்பாற்ற முடியாத நிலையில் மட்டும் மறுபடி பிரித்து, வெற்றுத் தகடு வரை இறக்கி, டிங்கரிங் முடித்து, ப்ரைமர், பெயின்ட் என்று போக வேண்டும். பட்டியால் ஆழமான நெளிவுகளை நிரப்பினால் அதிர்வில் வெடிக்கும். மணல் அடிக்கக் கொடுக்கும்போது சேஸிஸ் எண் உள்ள இடத்தை மூடி ஒட்டிக் கொடுக்க வேண்டும். பெயின்டும் குரோமும் முடிந்து வந்த பாகங்களைப் பூட்டும்போது, எஞ்சினும் ஃபிரேமும் சேரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி எர்த் கிடைக்கச் செய்ய வேண்டும். புதுப் பெயின்ட் அடித்த வண்டியில் விளக்கு எரியவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

பிறகு வாரம் ஒருமுறையாவது எஞ்சின் முழுச் சூடாகும்வரை ஓட்ட வேண்டும். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பது உள்ளே ஈரத்தைச் சேர்க்கும். மாதக்கணக்கில் நிறுத்த நேர்ந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்து, டேங்கை முழுதும் நிரப்பி, பேட்டரி இணைப்பைக் கழற்றி, பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்த வேண்டும். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும்.